சட்டம் படிக்க விரும்பும் பிள்ளைகளும் பெற்றோரும் அறிய வேண்டியவை

நம் சமுதாயத்தில் மருத்துவத்திற்கு அடுத்தபடியாகப் பெற்றோர் விரும்பும் படிப்பு சட்டம். ஈப்போவில் சீனிவாசகம் சகோதரர்கள் வழக்கறிஞர்களாகப் புகழ்பெற்று, அரசியலிலும் தடம் பதித்த காலத்திலிருந்தே கறுப்பு அங்கிக்குத் தனி மதிப்பு உண்டு. "பிள்ளை நன்றாக வாதாடுகிறான், வழக்கறிஞராகட்டும்" என்று சொல்லும் வீடுகள் இன்றும் பல. ஆனால், அந்த ஆசை ஒன்றை மட்டும் நம்பிப் பணம் கட்டிவிட்டுப் பிறகு தவிக்கும் குடும்பங்களும் இருக்கின்றன. பட்டம் பெறுவது ஒன்று, வழக்கறிஞராவது வேறொன்று. இந்த வேறுபாட்டைச் சேர்வதற்கு முன்பே புரிந்துகொள்வது நல்லது.

பட்டம் மட்டும் போதாது

மேற்கு மலேசியாவில் வழக்கறிஞராவதற்குரிய விதிகளை 1976ஆம் ஆண்டு சட்டத் தொழில் சட்டம் வகுத்துள்ளது. சபாவுக்கும் சரவாக்கிற்கும் தனிச் சட்டங்கள் உள்ளன. எந்தப் பட்டம் ஏற்றுக்கொள்ளப்படும் என்பதை முடிவு செய்வது சட்டத் தொழில் தகுதி வாரியம்.

1972இல் சட்டப் பிரிவைத் தொடங்கிய மலாயாப் பல்கலைக்கழகம், மலேசிய தேசியப் பல்கலைக்கழகம், அனைத்துலக இஸ்லாமியப் பல்கலைக்கழகம் போன்ற அரசாங்க உயர்கல்விக்கூடங்களில் அங்கீகரிக்கப்பட்ட சட்டப் பட்டம் பெறுவோர் வேறு தகுதித் தேர்வு எழுதத் தேவையில்லை. இங்கிலாந்தில் பாரிஸ்டர் தகுதி பெற்றவர்களுக்கும் அப்படியே. ஆனால் இங்கிலாந்து, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளின் பட்டத்தை மட்டும் வைத்திருப்பவர்கள், அதைத் தனியார் கல்லூரி வழியாக உள்நாட்டிலேயே படித்திருந்தாலும், சி.எல்.பி. எனப்படும் சட்டத் தொழில் சான்றிதழ் தேர்வில் தேற வேண்டும்.

இந்தத் தேர்வில் ஐந்து தாள்கள். பொதுத்தாள், உரிமையியல் நடைமுறை, குற்றவியல் நடைமுறை, சாட்சியச் சட்டம், தொழில் நடைமுறை ஆகியவை அவை. தேர்வை நடத்தும் வாரியம் வகுப்பு எடுப்பதில்லை. மாணவர்கள் தனியார் வகுப்புகளுக்குச் சென்றோ, தாங்களே படித்தோ தயாராக வேண்டும். எழுதும் வாய்ப்புகளுக்கும் வரம்பு உண்டு. மூன்றாண்டுப் படிப்புக்குச் சேமிப்பையெல்லாம் செலவிட்ட பெற்றோர், அதன்பின் இன்னுமொரு தேர்வும் செலவும் இருப்பதை அப்போதுதான் அறிந்து திகைக்கிறார்கள். எனவே, கல்லூரியின் விளம்பரத்தை மட்டும் பார்க்காமல், அந்தப் பட்டம் வாரியத்தின் பட்டியலில் உள்ளதா என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்பே உறுதி செய்துகொள்ள வேண்டும். தொலைக்கல்வியாகவோ பகுதி நேரமாகவோ படிக்க எண்ணுவோர் இதில் இரட்டிப்புக் கவனம் கொள்ள வேண்டும்.

மலாய் மொழியை அலட்சியப்படுத்தக் கூடாது

ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தால் போதும் என்ற எண்ணம் நம் மாணவர்கள் சிலரிடம் உள்ளது. அது தவறு. வழக்கறிஞராகப் பதிவு பெற மலாய் மொழித் தகுதி கட்டாயம். எஸ்.பி.எம். தேர்வில் மலாய் மொழியில் நல்ல தேர்ச்சி இருந்தால் கவலையில்லை. இல்லையென்றால் அதற்கெனத் தனித் தேர்வு எழுத வேண்டிவரும். ஆகவே, சட்டக் கனவுக்கான முதல் படி பல்கலைக்கழகத்தில் அல்ல, இடைநிலைப்பள்ளி வகுப்பறையில் இருக்கிறது.

மனப்பாடம் உதவாது

சட்டம் என்றால் விதிகளை ஒப்புவிப்பது என்று நினைத்துச் சேருபவர்கள் முதலாண்டிலேயே திணறுகிறார்கள். விதி என்ன என்பதோடு, நீதிபதி ஏன் அப்படித் தீர்ப்பளித்தார் என்பதே அங்கு பாடம்.

மாணவர்கள் படிக்கும் வழக்கு ஒன்றைப் பார்ப்போம். அரசாங்கத்திடம் உதவி பெற்று ஆசிரியர் பயிற்சி முடித்த குர்சரண் சிங் என்பவர், ஒப்பந்தப்படி ஐந்தாண்டுகள் பணியாற்ற வேண்டும். அவர் முழுக் காலமும் பணியாற்றவில்லை. அரசாங்கம் வழக்குத் தொடுத்தது. கையொப்பமிட்டபோது அவர் வயது வராதவர். இந்திய ஒப்பந்தச் சட்டத்தைத் தழுவிய நம் ஒப்பந்தச் சட்டத்தின்படி, வயது வராதவர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது. கல்கத்தாவிலிருந்து சென்ற ஒரு வழக்கில் லண்டன் பிரிவி கவுன்சில் 1903இல் அளித்த தீர்ப்பே அதற்கு அடிப்படை. 1971இல் வெளியான தீர்ப்பில் நீதிமன்றமும் ஒப்பந்தம் செல்லாது என்றே கூறியது. ஆனால், கல்வியும் உணவு, உடை போல் ஓர் அத்தியாவசியத் தேவையே என்பதால் நியாயமான ஒரு தொகையை அவர் திருப்பித் தர வேண்டும் என்றது. பிறகு 1976இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, உபகாரச் சம்பள ஒப்பந்தங்களுக்கு விலக்கு அளித்தது. வயது வரவில்லை என்று சொல்லி இன்று எந்த மாணவரும் அதிலிருந்து தப்ப முடியாது.

ஒரே கேள்வி கல்கத்தாவில் தொடங்கி, லண்டன் சென்று, நம் நாடாளுமன்றத்தில் முடிகிறது. இப்படித் தொடர்ந்து வாசித்து, காரணம் தேடி, தெளிவாக எழுதும் பழக்கம் உள்ளவர்களுக்கே இந்தப் படிப்பு இனிக்கும். மேடைப்பேச்சில் பரிசு வாங்காத அமைதியான பிள்ளைகளும் இதில் சிறந்து விளங்கலாம். வழக்கறிஞர் வேலையில் பெரும்பகுதி நீதிமன்றத்துக்கு வெளியே, கோப்புகளோடு நடப்பதுதான்.

பயிற்சிக் காலம்

தகுதி பெற்றபின் ஏழாண்டுக்குக் குறையாத அனுபவமுள்ள வழக்கறிஞர் ஒருவரிடம் ஒன்பது மாதம் பயிற்சி பெற வேண்டும். அக்காலத்தில் கிடைக்கும் உதவித்தொகை இடத்துக்கு இடம் மாறுபடும். கல்விக் கடன் வாங்கியவர்கள் இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். நன்னடத்தையும் தேவை. மோசடி, நேர்மையின்மை தொடர்பான குற்றத்தில் தண்டனை பெற்றவர்களுக்கும், திவாலானவர்களுக்கும் வழக்கறிஞராகும் தகுதி இல்லை.

வழக்கறிஞராகாமல் போனால் படிப்பு வீண் என்று எண்ணவும் வேண்டாம். அரசுத் துறை, வங்கி, நிறுவனச் செயலகம், தொழிற்சங்கம் எனப் பல இடங்களில் சட்டப் பட்டதாரிகள் தேவைப்படுகிறார்கள்.

சேர விரும்பும் மாணவர் விடுமுறையில் ஒரு நாள் தம் ஊர் நீதிமன்றத்துக்குச் சென்று பொதுமக்கள் இருக்கையில் அமர்ந்து பார்க்கட்டும். திறந்த நீதிமன்றத்தில் யாரும் அமரலாம், கட்டணம் இல்லை. அங்கே தன் பக்கம் பேச ஆளின்றி நிற்கும் ஏழையையும் அவர் காணக்கூடும். அதன்பிறகும் ஆர்வம் குறையவில்லையென்றால் அவர் தாராளமாக விண்ணப்பிக்கலாம்.