பெருங்குடலில் பிதுங்கும் பைகள்

சைக்கிள் டயர் தேய்ந்த இடத்தில் டியூப் குமிழாகப் பிதுங்கி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். பெருங்குடலிலும் அப்படித்தான். ரத்த நாளங்கள் குடலின் தசைச் சுவரைத் துளைத்து நுழையும் இடங்கள் இயல்பிலேயே பலவீனமானவை. உள்ளே அழுத்தம் கூடும்போது உட்சவ்வு அங்கே சிறு பைகளாகப் பிதுங்கிவிடும். இதற்கு டைவர்டிகுலோசிஸ் என்று பெயர்.

வயது ஏற ஏற இந்தப் பைகள் வருவது சகஜம். பெரும்பாலோருக்கு எந்தத் தொல்லையும் இருக்காது. பை வீங்கி அழற்சி கண்டால் சிக்கல். அடிவயிற்றில் விடாத வலி, காய்ச்சல், குமட்டல், திடீர் மலச்சிக்கல் அல்லது பேதி ஆகியவை அறிகுறிகள். மேலை நாட்டவருக்குப் பெரும்பாலும் இடப்பக்கம் வலிக்கும். ஆசியர்களுக்கு வலப்பக்கமும் வருவதால், குடல்வால் அழற்சியோ என்ற குழப்பம் நேர்கிறது. சி.டி. ஸ்கேன் அதைத் தெளிவாக்கிவிடும். சிலருக்கு வலியே இல்லாமல் மலத்தில் ரத்தம் போகும். அதை மூலம் என்று நீங்களாக முடிவுகட்டாதீர்கள்.

நார்ச்சத்துக் குறைவே காரணம் என்று 1971-இல் எழுதினார்கள் நீல் பெயின்டரும், உகாண்டாவில் அறுவை மருத்துவராக இருந்த டெனிஸ் பர்கிட்டும். நார் மட்டுமே காரணமல்ல என்று இன்று தெரிகிறது. மரபு, உடல்பருமன், புகை, அதிக சிவப்பிறைச்சி, உடலுழைப்பின்மை, மூட்டுவலிக்கு நாமே வாங்கி விழுங்கும் வலி மாத்திரைகள் எல்லாவற்றுக்கும் பங்குண்டு. ஆனாலும் நார்ச்சத்து மிகுந்த உணவு உண்பவர்களுக்கு அழற்சி குறைவாகவே வருகிறது.

கொட்டைகளும் விதைகளும் பைக்குள் சிக்கிக்கொள்ளும் என்று பல்லாண்டுகள் விலக்கச் சொன்னார்கள். 47,000-க்கும் மேற்பட்ட ஆண்களை 18 ஆண்டுகள் கவனித்து, 2008-இல் வெளியான அமெரிக்க ஆய்வு அந்தப் பயத்தைப் போக்கியது. வேர்க்கடலையையும் கொய்யாவையும் ஒதுக்க வேண்டாம்.

ஒரு கப் வெள்ளைச் சோற்றில் நார்ச்சத்து 1 கிராம்கூட இல்லை. வேகவைத்த கொண்டைக்கடலை ஒரு கப்பில் சுமார் 12 கிராம் இருக்கிறது. பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 25 முதல் 30 கிராம் தேவை. சோற்றைக் குறைத்து, கீரை, அவரை, சுண்டல், கேழ்வரகைக் கூட்டுங்கள். ஒரேயடியாக வேண்டாம், வயிறு உப்பும். வாரம் வாரமாகக் கூட்டி, தண்ணீரும் நிறையக் குடியுங்கள். அழற்சி உள்ள நாட்களில் மட்டும் மருத்துவர் சொல்லும் மென்உணவே சரி.

வந்த பை மறையாது. அது புண்ணாகாமல் காப்பதில் பெரும்பங்கு நம் சமையலறையில் இருக்கிறது. இன்றிரவுச் சாப்பாட்டில் ஒரு கரண்டி பொரியலைக் கூடுதலாகப் போட்டுக்கொள்ளுங்கள்.