ஏற்றத்துக்கு எத்தனை வோல்ட்?

கண்டியில் பிள்ளைக்குப் பற்றரிக் கார் வாங்கப் போனால், கடையில் முதலில் சொல்வது இதுதான்: "நம்ம பக்கம் மேடுதானே, 12 எடுங்க. 6 இழுக்காது." பாதி உண்மை. ஹந்தானை, மஹியாவை, அம்பிட்டிய ஏற்றங்களில் 6 வோல்ட் கார் திணறும்தான். ஆனால் ஏறிய கார் இறங்கவும் வேண்டுமே, அதைப் பற்றிப் பேச்சே இல்லை.

இந்தக் கார்கள் பலவற்றில் தனி பிரேக் கிடையாது. மிதியிலிருந்து காலை எடுத்தால் மோட்டாரே பிடித்து நிறுத்தும், அவ்வளவுதான். சில்லுகளோ வழுவழுப்பான பிளாஸ்டிக். மழையில் நனைந்த கொங்கிரீட் சரிவில் அவை வழுக்கிக்கொண்டே போகும். சமதரையில் மட்டும் ஓட்டும்படி கையேட்டில் அச்சிடுவது அதனால்தான்.

பொதுவாக 6 வோல்ட் கார் மணிக்கு 3, 4 கிலோமீற்றர் ஓடும். 12 வோல்ட் என்றால் 5 முதல் 8 வரை. 24 வோல்ட் 10 வரையும் போகும். பெரியவர்களின் நடை வேகமே ஏறக்குறைய 5தான். ஆகவே மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு, வீடு எந்த மேட்டில் இருந்தாலும் 6 போதும். காரைத் தூக்கிக்கொண்டு சமதரைக்குப் போங்கள். மூன்று வயதுக்கு மேல் 12 எடுக்கலாம், பெற்றோர் கையில் ரிமோட்டும் வேகத்தைக் குறைக்கும் வசதியும் இருந்தால். 24 வோல்ட்டை ஆறு வயதுக்கு முன் நினைக்கவே வேண்டாம்.

6 வோல்ட் காருக்குள் 12 வோல்ட் பற்றரியை மாட்டித் தருகிறவர்களும் இருக்கிறார்கள். கார் பறக்கும், பிள்ளையும் சிரிக்கும். ஆனால் மேட்டில் சில்லு சுழலாமல் சிக்கி நின்றால் மோட்டாரில் நான்கு மடங்கு சூடு ஏறும். மெல்லிய வயர் உருகும். மாற்றமே செய்யாத கார்களும் தப்பியதில்லை. 1998இல் அமெரிக்காவில் ஃபிஷர்-பிரைஸ் நிறுவனம், சூடேறித் தீப்பிடித்ததாக வந்த புகார்களால், ஒரு கோடி வரையான பவர் வீல்ஸ் வண்டிகளைத் திரும்ப அழைத்தது.

காசு கொடுக்கும் முன் இருக்கையைக் கழற்றிப் பாருங்கள். பெட்டியில் 12 என்றிருக்க, உள்ளே 6 வோல்ட் பற்றரி ஒன்று மட்டும் கிடந்தால் அது ஏமாற்று. 6 வோல்ட் பற்றரி இரண்டைத் தொடராக இணைத்திருந்தால் சரி. சார்ஜரிலும் அதே வோல்ட் எழுதியிருக்க வேண்டும்.

கேட்டால் பற்றுச்சீட்டு தருவது வியாபாரியின் சட்டக் கடமை. அதில் மாடல், வோல்ட், உத்தரவாதக் காலம் மூன்றையும் எழுதி வாங்குங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி, விற்ற பொருள் அதன் நோக்கத்துக்குப் பொருத்தமாக இருக்க வேண்டும். "விற்ற பொருள் திரும்ப எடுக்கப்படமாட்டாது" என்ற பலகையைப் பார்த்துத் திரும்பி வந்துவிடாதீர்கள். கடை மறுத்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையை 1977 இலக்கத்தில் அழைக்கலாம். ஆனால் அழைப்போடு நிற்க வேண்டாம். வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் முறைப்பாட்டை எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.