டெண்டர்ல ஒரு வரி மாறினா என்ன ஆகும்?

மரக்காணத்துல உப்பளத்து வீட்டுப் பசங்க யாரைக் கேட்டாலும் இந்தக் கணக்கைச் சொல்வாங்க. குவிச்சு வச்ச உப்பை வாங்க அஞ்சு வியாபாரி வந்தா ஒரு விலை. ஒரே ஒருத்தர் வந்தா, அவர் சொல்றதுதான் விலை. மழை இறங்கறதுக்குள்ள வித்தாகணுமே... பேரம் எங்க பேசறது?

இதை அப்படியே திருப்பிப் போடுங்க பாஸ். வாங்கறது அரசாங்கம். விக்கறதுக்கு ஒரு சில கம்பெனிதான் உள்ளே வர முடியும்ங்கற மாதிரி ரூல்ஸ். அப்போ விலையைச் சொல்றது அவங்க. கொடுக்கறது நாம.

‘இதெல்லாம் அரசியல்வாதிங்க மேட்டர், நமக்கெதுக்கு’ன்னு பக்கத்தைத் திருப்பாதீங்க. மரக்காணம் ஒன்றியத்து கிராமங்களையும் சேர்த்து, தமிழ்நாட்டின் 12,524 ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழை கேபிள் மூலமா வேகமான இன்டர்நெட் கொடுக்கறதுதான் ‘பாரத்நெட்’ திட்டத்தோட வேலை. மதிப்பு சுமார் 1,950 கோடி ரூபாய். கேபிள், ரவுட்டர்னு சாமான் வாங்கி இழுத்துக் கொடுக்க டெண்டர் விட்டது ‘டான்ஃபிநெட்’ என்கிற தமிழ்நாடு ஃபைபர்நெட் நிறுவனம். சண்டை அங்கேதான் ஆரம்பிச்சது.

சண்டைக்கு முன்னாடி ஒரு சின்ன காலேஜ் உதாரணம். சிம்போசியத்துக்கு 300 டி-ஷர்ட் வேணும். மூணு கடையில கொட்டேஷன் வாங்கணும்னு ஹெச்.ஓ.டி. சொல்லிட்டார். பொருளாளர் மச்சானுக்கு ஒரு கடை இருக்கு. நேரா அவர் பேரை எழுதினா மாட்டிக்குவார். அதனால, ‘கடைக்குப் பத்து வருஷ அனுபவம் இருக்கணும், கேட்லேர்ந்து 200 மீட்டருக்குள்ள இருக்கணும், ஏற்கெனவே ரெண்டு காலேஜுக்குத் தைச்சிருக்கணும்’னு மூணு நிபந்தனை போடறார். மூணும் கேட்க நியாயமாத்தான் இருக்கு. ஆனா மூணுக்கும் பொருந்தற கடை ஊர்ல ஒண்ணே ஒண்ணு! ஜெயிக்கப் போறது யாருன்னு கொட்டேஷன் கவரைப் பிரிக்கிறதுக்கு முன்னாடியே முடிவாயிடுச்சு.

பாரத்நெட் டெண்டர் மேல அறப்போர் இயக்கம் வச்ச புகாரும் கிட்டத்தட்ட இந்த ரகம்தான். முதல்ல அறிவிச்ச நிபந்தனைகளை நடுவுல திருத்தினாங்க, அந்தத் திருத்தங்கள் போட்டியாளர்களை வெளியே தள்ளி, குறிப்பிட்ட சில நிறுவனங்களுக்கு மட்டும் வழிவிடுதுன்னு சொன்னாங்க. அப்போதைய ஐ.டி. அமைச்சர் ஆர்.பி.உதயகுமார், முறைகேடு எதுவும் இல்லைன்னு மறுத்தார். துறைச் செயலாளரா இருந்த சந்தோஷ் பாபு ஐ.ஏ.எஸ். 2020 ஜனவரியிலேயே விருப்ப ஓய்வு கேட்டிருந்தார். பத்திரிகைகள் அதையும் இந்த டெண்டரையும் சேர்த்தே பேசின.

திட்டத்துக்குப் பணம் தர்றது மத்திய அரசு. அதனால புகார் டெல்லிக்குப் போச்சு. உள்நாட்டுத் தயாரிப்பாளர்களுக்கு முன்னுரிமை தரணும்னு 2017-ல போட்ட கொள்முதல் உத்தரவு ஒண்ணு இருக்கு. அதை வச்சுப் பார்த்த மத்திய தொழில் மற்றும் உள்நாட்டு வர்த்தக மேம்பாட்டுத் துறை, டெண்டர் நிபந்தனைகள் போட்டியைச் சுருக்குது, பாரபட்சமா இருக்குன்னு சொல்லிடுச்சு. 2020 ஜூன்ல, ரத்து பண்ணி, நிபந்தனைகளைத் திருத்தி மறுபடி டெண்டர் விடச் சொல்லி உத்தரவு!

கைதட்டலாம். ஆனா காலண்டரைப் பாருங்க. அது கொரோனா வருஷம். க்ளாஸ் முழுக்க செல்போன்ல. சிக்னல் தேடி மொட்டை மாடி, மரத்தடி, பஸ் ஸ்டாப்னு கிராமத்துப் பசங்க அலைஞ்ச நேரத்துலதான் கேபிள் டெண்டர் கேன்சல் ஆச்சு. மறு டெண்டர் முடிஞ்சு, திட்டத்தோட தொடக்க விழா நடந்தது 2022-லதான்.

‘கேஸ், புகார்னு போய் வேலையைக் கெடுத்துட்டாங்க’ன்னு ஒரு குரல் எப்பவும் வரும். எனக்கென்னவோ இது தலைகீழ் வாதமாத்தான் தெரியுது. முதல் தடவையே நிபந்தனையை ஒழுங்கா எழுதியிருந்தா இந்தத் தாமதமே வந்திருக்காது. தப்பா எழுதினவங்களை விட்டுட்டு, தப்புன்னு காட்டினவங்களைத் திட்டறது என்ன நியாயம்?

அவசரம்னு சொல்லி ஒரே இடத்துல வாங்கினா என்ன ஆகும்ங்கறதுக்கும் அதே வருஷம் சாட்சி இருக்கு. 2020 ஏப்ரல்ல தமிழ்நாடு கொரோனா ரேபிட் கிட்டை ஒண்ணு 600 ரூபாய்னு வாங்கிச்சு. அதே மாசம் சத்தீஸ்கர், வேற கம்பெனி கிட்டை 337 ரூபாய்க்கு வாங்கிடுச்சு. ‘விலையை நிர்ணயிச்சது ஐ.சி.எம்.ஆர்.தானே’ன்னு இங்கே பதில் சொன்னாங்க. கிட் இந்தியாவுக்கு வந்து இறங்கற விலையே 245 ரூபாய்தான்னு டெல்லி ஹைகோர்ட்ல வெளிய வந்துச்சு. விற்பனையாளர்களுக்குள்ள நடந்த பங்குச் சண்டை கோர்ட்டுக்குப் போனதாலதான் அந்த நம்பரே நமக்குத் தெரியும்! 400 ரூபாய்க்கு மேல விக்கக் கூடாதுன்னு கோர்ட் சொல்லிச்சு. கடைசியில கிட் சரியா வேலை செய்யலைன்னு திருப்பி அனுப்பினது தனிக் கதை.

சரி, சட்டம் என்ன சொல்லுது? தமிழ்நாடு டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம், 1998. ஒரே ஒருத்தர்கிட்டதான் அந்தப் பொருள் கிடைக்கும், வேற மாற்று இல்லைன்னா டெண்டர் இல்லாம வாங்கலாம்னு இதுல விதிவிலக்கு இருக்கு. வெள்ளம், புயல் மாதிரி அவசரத்துக்கும் உண்டு. தோத்துப்போன கம்பெனி, உத்தரவு கிடைச்ச பத்து நாளைக்குள்ள அரசுகிட்ட மேல்முறையீடு பண்ணலாம். டெண்டர் போடாத நீங்களும் நானும்? அந்தக் கதவு நமக்குத் திறக்காது. புகார் மனு, தகவல் உரிமைச் சட்டம், பொதுநல வழக்கு, இவ்வளவுதான். கோர்ட்டும் ‘எந்த ரவுட்டர் பெஸ்ட்’னு தீர்ப்பு சொல்லாது. முடிவெடுத்த விதம் நேர்மையான்னுதான் பார்க்கும். ‘டாடா செல்லுலார்’ வழக்குல 1994-ல சுப்ரீம் கோர்ட் போட்ட கோடு அது.

லா, காமர்ஸ், இன்ஜினீயரிங்னு மூணு பேர் உங்க ரூம்லயே இருந்தா போதும், ஒரு டீம் ரெடி. அரசு டெண்டர்கள் நெட்லயே கிடைக்குது. உங்க ஊர் ஆஸ்பத்திரியோ பஞ்சாயத்தோ எதையாவது வாங்கற டெண்டர் ஒண்ணை எடுங்க. விலையை அப்புறம் பார்க்கலாம். தகுதி நிபந்தனைகளைப் படிங்க. அடுத்து, நடுவுல வந்த திருத்த அறிவிப்புகளைப் பக்கத்துல வச்சு, எந்த வரி மாறியிருக்குன்னு பென்சில்ல கோடு போடுங்க. சந்தேகம்னா பத்து ரூபாய் கட்டி ஆர்.டி.ஐ. மனு. ‘இந்த நிபந்தனையை மாத்தச் சொல்லி எழுதின கோப்புக் குறிப்போட நகல் வேணும்’னு கேளுங்க. பதில் சொல்ல அவங்களுக்கு 30 நாள் டைம்.