மருந்துக்கு அடங்காத வைரஸும் தங்கவயலின் நுரையீரலும்

கோலார் தங்கவயலின் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டுவிட்டாலும், பாறையைத் துளைக்கும்போது எழுந்த சிலிக்காத் தூசி நுரையீரலில் படிந்து அதைத் தழும்பேறச் செய்யும் சிலிக்கோசிஸ் நோய், அங்கே பாடுபட்ட தமிழ்த் தொழிலாளர் பலரை இன்னும் விட்டு நீங்கவில்லை. மாரிக்குப்பத்தில் விடியுமுன் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று இரவில் திரும்பும் பிள்ளைகளுக்கு நகரத்தில் தொற்றும் இன்ஃப்ளூயன்சா, லைன் வீட்டின் சிறு அறையில் படுத்திருக்கும் முதியவரை எட்ட நெடுநாள் ஆகாது. ஏற்கெனவே இறுகிப்போன நுரையீரலில் அது நிமோனியாவாக முற்றிவிடக்கூடும்.

இத்தகையோரை எண்ணியே, லேசான காய்ச்சலுக்கு ஓசெல்டாமிவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்து வேண்டாம் என்னும் மத்திய சுகாதார அமைச்சகத்தின் வழிகாட்டுதல், 65 வயதைக் கடந்தோருக்கும் நாட்பட்ட நுரையீரல் நோயாளிகளுக்கும் அதைத் தரச் சொல்கிறது. உயிரணுவுக்குள் பெருகிய புதிய வைரஸ்கள் வெளியேறும்போது, அவற்றை உயிரணுவின் மேற்பரப்போடு பிணைத்திருக்கும் சர்க்கரைக் கண்ணியை நியூராமினிடேஸ் என்னும் புரதம் அறுத்துவிடுகிறது. அப்புரதத்தின் குழிவில் போய் அமர்ந்து அறுக்கவிடாமல் தடுப்பதே ஓசெல்டாமிவிரின் வேலை. ஆனால் அப்புரதத்தின் 275ஆம் இடத்தில் ஹிஸ்டிடின் என்னும் அமினோ அமிலம் டைரோசினாக மாறிவிட்டால், குழிவின் வடிவம் பிறழ்ந்து மருந்து சரிவரப் பொருந்தாமல் போகிறது.

இவ்வாறு மாறிய வைரஸ் வலுவிழந்து பரவாமல் ஒடுங்கிவிடும் என்றே அறிவியலாளர் முன்பு நம்பியிருந்தனர். அந்த நம்பிக்கை 2007–08 குளிர்காலத்தில் தகர்ந்தது: ஓசெல்டாமிவிரை மிகக் குறைவாகவே பயன்படுத்திய நார்வேயில், சோதிக்கப்பட்ட எச்1என்1 வகை இன்ஃப்ளூயன்சா வைரஸ்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அம்மருந்துக்கு அடங்கவில்லை, அதை மிகுதியாகப் பயன்படுத்திய ஜப்பானிலோ அப்போது எதிர்ப்பு அரிதாகவே இருந்தது. வைரஸில் நேர்ந்த வேறு சில மாற்றங்கள் இழந்த வலுவை ஈடுசெய்திருந்ததால், மருந்தின் நெருக்குதல் இல்லாமலே அது ஓராண்டுக்குள் உலகெங்கும் பரவியது. மருந்தை அளவுமீறி உண்பதால் மட்டுமே எதிர்ப்பு வளர்கிறது என்னும் பொதுவான எண்ணம், ஆன்டிபயாடிக் மருந்துகளுக்கு எவ்வளவு பொருந்தினாலும், இங்கே போதாது.

2009இல் வந்த பன்றிக்காய்ச்சல் வைரஸ் ஓசெல்டாமிவிருக்குப் பெரும்பாலும் கட்டுப்பட்டது, பழைய எச்1என்1 வகையும் மறைந்தது. இது மனிதரின் திறமையால் கிடைத்த வெற்றியன்று. அமன்டடின் என்னும் பழைய மருந்தோ இன்று பரவும் ஏ வகை வைரஸ்களிடம் ஏறக்குறைய முற்றிலும் பயனிழந்துவிட்டது. ஆகவே புனேயின் தேசிய வைராலஜி நிறுவனம் போன்ற ஆய்வகங்கள் வைரஸின் மரபணுவைத் தொடர்ந்து கண்காணிப்பது இன்றியமையாதது. சுரங்கத்தில் உழைத்த முதியவருக்குக் காய்ச்சலும் இருமலும் கண்டால், மருந்து நன்கு பலனளிக்கும் முதல் 48 மணி நேரத்துக்குள் அவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். ஆண்டுதோறும் தடுப்பூசி போடுவது பற்றியும் அங்கேயே கேட்டறியுங்கள்.