67 லட்சம் பிறந்த கதை

தமிழ்நாட்டுக் கடலோர ஊரான கட்டுமாவடியில் படகுகள் கரையேறியதும் ஏலம் தொடங்கிவிடும். நண்டும் மீனும் கூடை கூடையாகக் கைமாறும். அத்தனையையும் எடைபோட்டு எழுதிவைக்க எந்த அரசாலும் முடியாது. ஆனாலும் நாட்டின் கடல்மீன் பிடிப்பு இத்தனை டன் என்று ஆண்டுதோறும் கணக்கு வருகிறது. கொச்சியிலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் சில கரைகளில், சில நாள்களில், சில படகுகளை மட்டும் பார்த்து மொத்தத்தையும் கணிக்கிறது. எந்தப் படகைப் பார்ப்பது என்பதற்கு விதி உண்டு. எவ்வளவு பிசகலாம் என்பதும் தெரியும். கருக்கலைப்பு விவாதத்தில் புழங்கும் பல எண்களுக்கு இந்த யோக்கியதைகூடக் கிடையாது.

1964இல் சாந்திலால் ஷா தலைமையில் இந்திய அரசு ஒரு குழு அமைத்தது. 1971இன் கருக்கலைப்புச் சட்டத்துக்கு வழிவகுத்தது அதன் அறிக்கைதான். நூறு கருவில் 73 உயிரோடு பிறக்கும், 2 இறந்து பிறக்கும், 25 கலையும்; அந்த 25இல் 15 வேண்டுமென்றே கலைக்கப்படுபவை என்று குழு வைத்துக்கொண்டது. கவனியுங்கள், வைத்துக்கொண்டது. அன்றைய 50 கோடி மக்கள்தொகைக்கு ஆண்டுக்கு 39 லட்சம் கலைப்பு என்று விடை வந்தது. 1990களில் அதே விகிதத்தைப் பெருகிய மக்கள்தொகையில் போட்டுப் பார்த்தார்கள்; 67 லட்சம் ஆயிற்று. இடையில் புதிதாக ஒரு பெண்ணிடமும் கேட்கவில்லை. ஆனாலும் மேடைக்கு மேடை, கட்டுரைக்குக் கட்டுரை அந்த எண் உலா வந்தது.

சரி, நேரடியாகக் கேட்டால்? தேசியக் குடும்பநல ஆய்வு வீடு வீடாகப் போய்க் கேட்டது. 2019-21 சுற்றில் பெண்கள் சொன்னபடி, நூறு கருவில் ஏறத்தாழ 3 மட்டுமே கலைக்கப்பட்டவை. மாமியார் காதுபட உட்கார்ந்திருக்க, வாசலில் வந்து கேட்பவரிடம் எந்தப் பெண் வாய்திறப்பாள்? அரசு ஆவணங்களோ 2014-15இல் சுமார் 7 லட்சம் என்றன. மருத்துவமனைப் பதிவேட்டில் ஏறியவை மட்டுமே அதில் வரும்.

2018இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வந்த ஆய்வு வேறு வழியில் போனது. தமிழ்நாடு உட்பட ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 4,000 மருத்துவமனைகளை விசாரித்தது. கூடவே, நாடெங்கும் எத்தனை கருக்கலைப்பு மாத்திரைப் பொதிகள் விற்றன என்றும் பார்த்தது. வீணானவற்றையும் மருத்துவமனைகளிலேயே தரப்பட்டவற்றையும் கழித்தது. கிடைத்த விடை, 2015இல் 1.56 கோடி. அதாவது மூன்றில் ஒரு கரு. அவற்றில் 73 விழுக்காடு மருத்துவமனைக்கு வெளியே, மாத்திரையால் நடந்தவை. பெண்ணின் வாய்ச்சொல்லை நம்பியிராமல் மருந்துக்கடைக் கணக்கைப் புரட்டியது கெட்டிக்காரத்தனம். ஆனால் விற்ற மாத்திரையெல்லாம் விழுங்கிய மாத்திரை ஆகாது. எவ்வளவு கழிப்பது என்பதில் இங்கேயும் ஊகம் இருக்கிறது.

'இந்தியாவில் 67 விழுக்காடு கலைப்புகள் பாதுகாப்பற்றவை' என்பது இன்னொரு பிரபல எண். 2022இல் ஐ.நா. மக்கள்தொகை நிதியத்தின் அறிக்கையும் அதை எடுத்தாண்டது. மூலத்தைத் தேடிப் போனால், பின்தங்கியவையாகக் கருதப்பட்ட ஒன்பது மாநிலங்களில் மட்டும் எடுத்த கணக்கு அது. அந்த ஒன்பதில் தமிழ்நாடு இல்லை. கட்டுமாவடிக்காரி ஒருத்தியும் அதில் இல்லை.

எந்தக் கட்சியும் இதில் சுத்தமில்லை. அமெரிக்காவில் கருக்கலைப்புச் சட்டத்தைத் தளர்த்தப் போராடியவர் பெர்னார்ட் நாதன்சன். சட்டவிரோதக் கலைப்பால் ஆண்டுக்கு 5,000 முதல் 10,000 பெண்கள் சாகிறார்கள் என்று தாங்கள் சொன்னது பொய்யென்று தனக்குத் தெரியும் என, அணி மாறிய பிறகு 1979இல் எழுதினார். எதிரணியோ கலைப்பால் மார்பகப் புற்றுநோய் வரும் என்று சொல்லிவந்தது. 16 நாடுகளின் 53 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, அப்படியொரு தொடர்பு இல்லை என்று 2004இல் லான்செட் இதழில் வந்த ஆய்வு சொன்னது. நோய் வந்த பெண்கள் பழைய கலைப்பை மறைக்காமல் சொன்னார்கள், வராதவர்கள் மறைத்தார்கள். முந்தைய சில ஆய்வுகள் சறுக்கியது அதனால்தான்.

இப்போதைக்குக் கையிலிருப்பதில் 1.56 கோடியே நம்பத்தக்கது என்பேன். ஆனால் அதை எழுதுகிறவர்கள், 1.41 கோடி முதல் 1.73 கோடி வரை இருக்கலாம் என்று அந்த ஆய்வே சொல்லியிருப்பதையும் சேர்த்தே எழுதட்டும்.