சுமை வண்டியின் அடித்தளமும் துருவும்

கொங்கணக் கரையிலுள்ள இரத்தினகிரி போன்ற துறைமுக ஊர்களில், படகுகள் கரை சேர்ந்ததும் மீன் பெட்டிகள் பனிக்கட்டியுடன் சிறு சுமை வண்டிகளில் ஏற்றப்படுகின்றன. வழி நெடுகப் பனிக்கட்டி உருகுகின்றது. அந்நீர் மீனுடன் வந்த உப்பையும் ஏந்திக்கொண்டு, சரக்குத் தளத்தின் இடுக்குகள் வழியே சொட்டுச் சொட்டாகக் கீழே இறங்குகின்றது. வண்டியின் வெளிப்புறம் பளபளப்பாகவே இருக்கும். ஆனால் தளத்தின் அடியில், கண்ணுக்குத் தென்படாத இடத்தில், அதனைத் தாங்கும் இரும்பு நாள்தோறும் தேய்ந்துகொண்டிருக்கும். ஒரு நாள் பள்ளமொன்றில் சக்கரம் இறங்கியதும் தளம் ஒரு புறமாகச் சாய்கின்றது. அப்பொழுதுதான் வண்டிக்காரர் குனிந்து பார்க்கிறார்.

பிக்கப் என்று வழங்கப்பெறும் இவ்வகைச் சிறு வண்டி, நம் நாட்டில் பல குடும்பங்களுக்குப் பிழைப்புக்கான ஒரே முதலாகும். தளம் முழுவதையும் மாற்றுவதற்கு ஆகும் செலவு எல்லோராலும் தாங்கக்கூடியதன்று. தாங்கிகள் மட்டுமே பழுதுற்றிருப்பின், கைத்திறன் உள்ளவர் வீட்டு முற்றத்திலேயே அவற்றைச் சீர்செய்துவிடலாம். ஆயினும் துருவின் இயல்பை அறியாது செய்யும் பழுது நீக்கம், பழுதை மறைப்பதாகவே முடியும்.

தாங்கிகளின் பணி

சுமை வண்டியின் முதுகெலும்பு, நீளவாட்டில் செல்லும் இரண்டு உத்திரங்களாலான சட்டமாகும். இதனைச் சேஸிஸ் என்பர். இதன்மீது சரக்குத் தளம் நேரடியாக அமர்வதில்லை. பட்டறைகளில் கிராஸ் மெம்பர் எனப்படும் குறுக்குத் தாங்கிகள் இரண்டிற்கும் இடையே அமைந்துள்ளன. இவை பெரும்பாலும் மெல்லிய எஃகுத் தகட்டைத் தொப்பி வடிவில் மடித்துச் செய்யப்பட்டவை. இவற்றின் விளிம்புகள் தளத் தகட்டுடன் புள்ளிப் பற்றவைப்பால் இணைக்கப்பட்டிருக்கும். சட்டத்துடன் போல்ட்டுகளால் பிணைக்கப்பட்டிருக்கும்.

ஐந்து தாங்கிகள் 1,000 கிலோகிராம் சுமையைச் சமமாகப் பகிர்ந்துகொள்வதாகக் கொள்வோம். ஒவ்வொன்றின் பங்கு 200 கிலோகிராம். நடுவிலுள்ள ஒன்று ஒடிந்தால் அதன் பங்கு பெரும்பாலும் இரு பக்கத்து அண்டைத் தாங்கிகளையே சாரும். அவை ஒவ்வொன்றும் ஏறக்குறைய 300 கிலோகிராம் சுமக்க நேரும். குண்டும் குழியுமான பாதையில் ஏற்படும் அதிர்ச்சி இதனை மேலும் பெருக்கும். ஒரு தாங்கி முறிந்தபின் மற்றவை விரைவில் முறிவதற்கு இதுவே காரணம்.

தகட்டின் தடிப்புக் குறைவதும் தோற்றத்தைவிடக் கொடியது. ஒரு தகடு வளைவை எதிர்க்கும் விறைப்பு அதன் தடிப்பின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. ஆகவே 2 மில்லிமீட்டர் தகடு அரிக்கப்பட்டு 1 மில்லிமீட்டர் ஆகுமானால், அதன் விறைப்புப் பாதியாகக் குறைவதில்லை. எட்டில் ஒரு பங்காகிவிடுகின்றது. தாங்கியின் சுவர் நசுங்கி மடிவது இதனாலேயே.

துரு தோன்றுவது எவ்வாறு?

துரு என்பது இரும்பு, பிராணவாயு, நீர் ஆகிய மூன்றும் சேர்ந்த ரசாயனப் பொருள். நீர் இன்றிப் பிராணவாயு மட்டுமோ, பிராணவாயு இன்றி நீர் மட்டுமோ சாதாரண வெப்பநிலையில் இரும்பை எளிதில் துருப்பிடிக்கச் செய்வதில்லை. இரண்டும் கூடும்போது, ஈரம் படிந்த இரும்பின் மேற்பரப்பு சிறு சிறு மின்கலங்களின் தொகுதியாகவே மாறிவிடுகின்றது. ஓரிடத்தில் இரும்பு எலெக்ட்ரான்களை இழந்து நீரில் கரைகின்றது. மற்றோரிடத்தில் அந்த எலெக்ட்ரான்களைப் பிராணவாயு ஏற்றுக்கொள்கின்றது. உப்பு கலந்த நீர் மின்சாரத்தை நன்கு கடத்துமாதலால் இவ்வினை விரைந்து நடைபெறுகின்றது. மேலும் கடலுப்பிலுள்ள மக்னீசியம் குளோரைடு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். எனவே மழை நின்ற பின்னரும் உப்புப் படிந்த தகடு உலர்வதில்லை.

இடுக்குகளில் துரு மிகுவதற்கும் காரணம் உண்டு. தாங்கிக்கும் தளத்திற்கும் இடையே சேறு அடைந்துவிட்டால், அதன் வெளி ஓரத்தில் பிராணவாயு மிகுதியாகவும் உட்புறத்தில் குறைவாகவும் இருக்கும். பிராணவாயு குறைந்த உட்புறமே கரையத் தலைப்படும். காற்றுப் படும் இடம் நலமாயிருக்க, மறைந்த இடம் அழியும் விந்தை இதுதான். அங்ஙனம் உண்டாகும் துரு, தான் அழித்த இரும்பைப்போல் இரண்டு மடங்குக்கும் மேற்பட்ட இடத்தை அடைத்துக்கொள்ளும். அது ஆப்புப் போல நின்று இரு தகடுகளையும் பிளந்து, புள்ளிப் பற்றவைப்புகளைப் பிய்த்துவிடுகின்றது.

தில்லியிலுள்ள இரும்புத் தூண் ஏறத்தாழ 1,600 ஆண்டுகளாக நிலைத்திருப்பதைப் பலரும் அறிவர். அவ்விரும்பில் பாஸ்பரஸ் மிகுந்திருப்பதால், காலப்போக்கில் அதன்மேல் காப்புப் படலம் ஒன்று உருவாயிற்று என ஆராய்ச்சியாளர் விளக்கியுள்ளனர். வண்டித் தகட்டின் மென்மையான எஃகுக்கு அத்தகைய இயற்கைக் கவசம் இல்லை. அதற்கு நாமே கவசம் பூட்டவேண்டும். காரைக்குடியில் 1953-ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற மத்திய மின்ரசாயன ஆராய்ச்சி நிலையம், உலோகங்களின் அரிமானத்தையும் அதனைத் தடுக்கும் வழிகளையும் ஆராய்ந்து வருகின்றது.

சோதனை

முதலில் தளத்தின் அடியை நல்ல நீரால் கழுவி, சேற்றை முற்றிலும் அகற்றி, உலரவிடவேண்டும். பின்னர் சிறு சுத்தியலால் ஒவ்வொரு தாங்கியையும் முழு நீளத்திற்கும் தட்டிப் பார்க்க வேண்டும. நல்ல எஃகு கணீரென்று ஒலிக்கும். அரிக்கப்பட்டது மந்தமாக ஒலிக்கும். ஐயமுள்ள இடத்தைக் கூரிய கருவியால் அழுத்திப் பார்க்கலாம். போல்ட்டுகளைச் சுற்றிய பகுதியையும், சட்டத்தின்மேல் தாங்கி அமரும் பகுதியையும் தவறாது சோதிக்க வேண்டும். ஈரம் அங்கேதான் நெடுநேரம் தங்கும்.

காணும் துருவை மூன்று வகையாகப் பிரிக்கலாம். வண்ணம் போய்ச் செந்நிறம் மட்டும் படர்ந்திருப்பது முதல் வகை. இதற்குச் சுரண்டிப் பூசுதல் போதும். குழிகள் விழுந்து தடிப்புக் குறைந்திருப்பது இரண்டாம் வகை. இதற்கு வலுவூட்ட வேண்டும். ஓட்டை விழுந்தோ அடுக்கடுக்காகப் பெயர்ந்தோ இருப்பது மூன்றாம் வகை. இதனை வெட்டி நீக்குவதன்றி வேறு வழியில்லை. சேஸிஸ் சட்டத்திலேயே இந்த மூன்றாம் வகைத் துரு காணப்படின், அது வீட்டில் செய்யும் வேலையன்று. வண்டியை இயக்காது தேர்ந்த பட்டறைக்குக் கொண்டு செல்லுதல் வேண்டும்.

முன்னேற்பாடுகள்

வண்டியைச் சமதரையில் நிறுத்திச் சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை இடவேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் அடியில் புகுவது உயிருக்கு ஆபத்து. உறுதியான தாங்குகால்களின்மீது சுமையை இறக்கிய பின்னரே அடியில் செல்லலாம். பாட்டரியின் இணைப்பைக் கழற்றி அதனை அப்புறப்படுத்த வேண்டும். அதிலிருந்து வெளிப்படக்கூடிய ஹைட்ரஜன் தீப்பொறி பட்டால் வெடிக்கும். வண்டியிலுள்ள மின்னணுக் கருவிகளும் பற்றவைப்பு மின்னோட்டத்தால் கெட்டுப்போகலாம். எரிபொருள் தொட்டியும் குழாய்களும், பிரேக் குழாய்களும் தளத்திற்கு மிக அருகிலேயே செல்கின்றன. பற்றவைக்கும் இடத்திற்கு அருகில் இருப்பின் தொட்டியைக் கழற்றித் தொலைவில் வைப்பதே முறை. வெறுந்தொட்டியும் ஆபத்தற்றதன்று, அதில் நிறைந்துள்ள ஆவி வெடிக்கக் கூடியது. தீயணைப்பானும் மணல் வாளியும் கைக்கெட்டும் தூரத்தில் இருத்தல் வேண்டும்.

பழைய வண்ணத்தில் ஈயம் கலந்திருக்கக் கூடும். செவ்வீயப் பூச்சு முற்காலத்தில் துருத் தடுப்புக்கு மிகவும் பயன்பட்டது. ஈயத் தூள் நஞ்சாகும். ஆதலால் சுரண்டும்போது முகமூடி அணிவதும், குழந்தைகளை அண்டவிடாதிருப்பதும், தூளைத் திரட்டி அகற்றுவதும் இன்றியமையாதவை.

பழுது நீக்கும் முறை

தளத்தைப் பிணைக்கும் போல்ட்டுகளில் ஊடுருவும் எண்ணெயை முந்தைய நாளே விட்டு வைக்க வேண்டும். இறுகிப்போனவற்றை வெட்டி எடுக்கலாம். பின்னர் தளத்தைச் சில அங்குலம் உயர்த்தி, மரக்கட்டைகளின்மேல் நிறுத்த வேண்டும். எல்லாத் தாங்கிகளையும் ஒருங்கே அகற்றலாகாது. ஒன்றை அகற்றி, அதன் இடத்தில் புதியதைப் பொருத்திய பின்னரே அடுத்ததைத் தொடவேண்டும். இல்லையேல் தளம் தொய்ந்து, போல்ட்டுத் துளைகள் ஒன்றோடொன்று பொருந்தாமற்போகும். வெட்டுவதற்கு முன்பே துளைகளின் இடைவெளியையும் தாங்கியின் உயரத்தையும் அளந்து குறித்துக்கொள்வது அவசியம்.

பழைய புள்ளிப் பற்றவைப்புகளைத் துளைப்பொறியால் துளைத்து, உளியால் நெம்பினால் தாங்கி கழன்று வரும். அதன் பின்னால் தளத் தகட்டில் உள்ள துருவைக் கம்பி பிரஷ்ஷாலும் உப்புத்தாளாலும் வெள்ளை உலோகம் தெரியும்வரை தேய்க்க வேண்டும். குழிகளில் எஞ்சும் துருவுக்குப் பாஸ்பாரிக் அமிலம் அல்லது டானிக் அமிலம் கலந்த துருமாற்றிகள் உதவும். முன்னது இரும்பு பாஸ்பேட்டையும், பின்னது கருநிற இரும்பு டானேட்டையும் உண்டாக்கும். ஆனால் இம்மருந்து மெல்லிய துருவுக்கே உரியது. பெயரும் அடுக்குகளின்மேல் தடவினால் மேற்புறம் மட்டுமே மாறும், உட்புறம் தொடர்ந்து அரிக்கும்.

புதிய தாங்கியைப் பழையதன் தடிப்புக்குக் குறையாத தகட்டில், அதே வடிவில் மடித்துச் செய்யவேண்டும். கீழ்ப்புறத்தில் நீர் வடியும் துளைகளை மறக்கலாகாது. ஒட்டும் பரப்புகளில், பற்றவைப்பைத் தாங்கும் துத்தநாகப் பூச்சினைத் தடவி, விளிம்பிலுள்ள துளைகளின் வழியே பற்றவைக்க வேண்டும். தொடர்ச்சியாக நீண்ட கோடாகப் பற்றவைத்தால் தகடு சூடேறி நெளியும். அங்கொன்றும் இங்கொன்றுமாக இட்டு, ஆறவிட்டுத் தொடர்வதே நலம். துத்தநாக முலாம் பூசிய தகட்டில் பற்றவைக்கும்போது எழும் வெண்புகை காய்ச்சலை உண்டாக்கும். பற்றவைக்கும் இடத்தில் முலாமை நீக்கிவிட்டு, காற்றோட்டமான இடத்தில், தகுந்த முகமூடியுடன் பணி செய்ய வேண்டும். கறுப்புக் கண்ணாடியும் தோல் கையுறையும் எக்காலத்தும் தேவை.

துருவேறிய தாங்கியின்மேலேயே புதிய தகட்டை வைத்துப் பற்றவைப்பது பல இடங்களில் காணும் வழக்கம். இது வேலையைச் சுருக்கும், ஆயுளையும் சுருக்கும். இரு தகடுகளுக்கும் இடையே சிறைப்பட்ட துருவும் ஈரமும், முன்னர் கூறிய இடுக்கு அரிமானத்தை இன்னும் விரைவுபடுத்தும். பலமற்ற தகட்டின்மேல் இட்ட பற்றவைப்பு, அத்தகட்டோடு சேர்ந்தே பெயர்ந்துவிடும்.

பற்றவைப்பு இயலாத இடத்தில், இருபுறமும் நல்ல உலோகம் உள்ள பகுதிவரை நீளும் எஃகுக் கோணச் சட்டத்தை, முலாம் பூசிய போல்ட்டுகளால் பிணைக்கலாம். இடையில் நீர் புகாத பசையை நிரப்பவேண்டும். அலுமினியச் சட்டத்தை நேராக எஃகுடன் சேர்த்தல் கூடாது; வெவ்வேறு உலோகங்கள் உப்புநீரில் கூடினால் மின்கலம் உருவாகி, அலுமினியம் விரைந்து அழியும். தளத்தைச் சட்டத்துடன் பிணைக்கும் போல்ட்டுகளின் தலையில் வலிமையைக் குறிக்கும் 8.8 போன்ற எண் பொறிக்கப்பட்டிருக்கும். புதியவை அதற்குக் குறையாத வலிமை உடையவையாக இருத்தல் வேண்டும். சில நாள் ஓட்டிய பின் அவற்றை மீண்டும் இறுக்கிப் பார்க்க வேண்டும்.

காப்பு முறைகள்

துத்தநாகம் இரும்பைவிட எளிதில் எலெக்ட்ரான்களை இழக்கும் இயல்பினது. ஆகவே துத்தநாகப் பூச்சில் சிறு கீறல் விழுந்தாலும், இரும்புக்குப் பதிலாகத் துத்தநாகமே தன்னை அழித்துக்கொண்டு இரும்பைக் காக்கின்றது. இதனால் துத்தநாகம் செறிந்த அடிப்பூச்சை முதலில் பூசி, அது உலர்ந்தபின் மேல்வண்ணம் இருமுறை பூசுவது சிறந்தது. தகடுகள் சேரும் மூட்டுகளைப் பசையால் அடைக்கலாம். ஆனால் வடிகால் துளைகளை அடைத்தல் பெருந்தவறு. தூரிகை எட்டாத உட்புறத்தில், மெல்லிய குழாய் வழியே மெழுகுக் கலவையைத் தெளிக்க வேண்டும். தாங்கிக்கும் சட்டத்திற்கும் இடையே ரப்பர் திண்டு வைக்கலாம். சணற்சாக்கு வைத்தல் கூடாது. சாக்கு நீரை உறிஞ்சி வைத்திருக்கும்.

பயன்படுத்திக் கழித்த எஞ்சின் எண்ணெயை அடியில் பூசுவோர் உளர். அது ரப்பரைக் கெடுக்கும், தீப்பற்றும், மழையில் வழிந்து மண்ணையும் நீரையும் மாசுபடுத்தும். அதனினும் எளிய காப்பு ஒன்று உண்டு. மீன், உப்பு, உரம் ஆகியவற்றை ஏற்றி இறக்கிய ஒவ்வொரு முறையும், தளத்தின் அடியிலும் நல்ல நீரைப் பாய்ச்சிக் கழுவி, வடிகால் துளைகளில் அடைந்த சேற்றைக் குத்திவிட்டு, காற்றில் உலரவிடுதலே அது.

மழைக்காலம் தொடங்குமுன் ஒருமுறையும், முடிந்தபின் ஒருமுறையும் சுத்தியலால் தட்டிப் பார்ப்பதற்கு அரைமணி நேரம் போதும். துரு செந்நிறமாக மட்டும் படர்ந்திருக்கையிலேயே கண்டுபிடிக்கப்பட்டால், ஒரு டப்பா வண்ணத்தோடு வேலை முடிந்துவிடும். ஓட்டையான பின் கண்டால் தகடும் பற்றவைப்பும் தேவைப்படும். சுமையோடு பாதையில் முறிந்தபின் கண்டால், இழப்பு வண்டியோடு நிற்பதில்லை. பின்னால் வருவோரின் உயிருக்கும் அது கேடாகும்.