அழியாதது எது? கையடக்கத் தொலைபேசியின் நினைவகம்

வத்தளையில் வசிக்கும் நண்பர் ஒருவரின் இல்லத்திற்கு அண்மையில் சென்றிருந்தோம். சாதாரணதரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கும் அவர் மகள், புதிதாக வாங்கிய கையடக்கத் தொலைபேசியின் அட்டைப்பெட்டியை எம்முன் கொண்டுவந்து வைத்தாள்.

"மாமா, இதிலே 4 ஜி.பி. ராம், 64 ஜி.பி. ரோம் என்று போட்டிருக்கிறது. ரோம் என்றால் வாசிக்க மட்டுந்தான் முடியும், எழுத முடியாது என்றுதானே படித்தோம்? அப்படியென்றால் நான் எடுக்கிற படமெல்லாம் எங்கே போய்ச் சேருகிறது?"

கேட்க வேண்டிய கேள்விதான். அவள் படித்ததே சரி. பெட்டியில் உள்ள பெயரே பிழை. அப்பிழை அவ்வீட்டாருக்கு முன்னரே ஒரு நட்டத்தை விளைவித்திருந்தது என்பதைச் சிறிது நேரத்தின் பின் அறிந்தோம்.

ரோம் எனப்படுவது, ஒருமுறை பொறித்தபின் வாசிப்பதற்கு மட்டுமே இடந்தரும் நினைவகம். இதன் இலக்கணத்தைக் கண்ணாற் காண விரும்புவோர் 1969இல் மனிதனைச் சந்திரனுக்குக் கொண்டுசென்ற அப்பலோ விண்கலத்தின் கணினியை நோக்குதல் வேண்டும். அதன் கட்டளைகளை அமெரிக்காவின் வால்தம் நகரில், ரேதியோன் தொழிற்சாலையில் பணிபுரிந்த பெண்கள் செப்புக் கம்பியால் நெய்தார்கள். ஆம், நெய்தார்கள்! சின்னஞ்சிறு காந்த வளையத்தின் ஊடாகக் கம்பி சென்றால் ஒன்று; வளையத்திற்கு வெளியே சென்றால் பூச்சியம். ஏறக்குறைய 73,000 பைட் கொண்ட அந்நெசவில் ஓர் இழை தவறினாலும் பிரித்துத்தான் திருத்த வேண்டும். மின்சாரம் நின்றாலும், விண்கலம் குலுங்கினாலும் நெய்தது நெய்ததே.

இத்தகைய உண்மையான ரோம் இன்றைய தொலைபேசியிலும் உண்டு. ஆனால் அது மிகச் சிறியது. பிரதான நுண்சில்லினுள்ளே, தொழிற்சாலையிலேயே பொறிக்கப்பட்டு, தொலைபேசியை முடுக்கியவுடன் முதலாவதாகச் செய்ய வேண்டியவற்றை மட்டும் சொல்லிக் கொடுப்பது. அதை மாற்ற இயலாது என்பதற்கு 2019ஆம் ஆண்டில் ஒரு சான்று கிடைத்தது. ஐபோன் 4எஸ் முதல் ஐபோன் எக்ஸ் வரையிலான கருவிகளின் ரோமில் ஒரு குறை கண்டுபிடிக்கப்பட்டது. குறை தெரிந்தும், விற்றுப்போன கருவிகளில் அதைத் திருத்த உற்பத்தியாளராலேயே முடியவில்லை.

பெட்டியில் எழுதியிருக்கும் 64 கிகாபைட்டோ முற்றிலும் வேறு பொருள். அது 'ஃபிளாஷ்' எனப்படும் சேமிப்பகம். யப்பானில் தோஷிபா நிறுவனத்தைச் சேர்ந்த புஜியோ மசுவோக்கா என்னும் பொறியியலாளர் 1984இல் இதனை உலகுக்கு எடுத்துரைத்தார். புகைப்படக் கருவியின் மின்வெட்டொளி போல ஒரே கணத்தில் அழிக்கவல்லது என்பதனாலேயே அப்பெயர் வந்தது. காப்பிடப்பட்ட நுண்ணிய அறைகளுள் இலத்திரன்கள் சிறைப்படுவதால், மின்சாரம் இல்லாதபோதும் எழுதியது நிலைத்திருக்கிறது. ராம் அவ்வாறன்று; கரும்பலகைபோல அவ்வப்போதைய வேலைக்கு உதவி, தொலைபேசியை நிறுத்தியதும் வெறுமையாகிவிடும். முற்காலக் கைக்கணினிகள் சிலவற்றில் இயங்கு மென்பொருள் மெய்யாகவே ரோமில் இருந்தது. கருவி மாறிய பின்னும் பெயர் மாறவில்லை. வணிகர்கள் சேமிப்பகம் முழுவதற்கும் அதையே சூட்டிவிட்டார்கள்.

"ரோமிலே இருப்பது அழியாது என்றுதான் நானும் நம்பியிருந்தேன்" என்றார் நண்பர், குரல் தாழ்ந்து. அவருடைய பழைய தொலைபேசி ஒருநாள் திணறியபோது, யாரோ சொன்னதைக் கேட்டு 'ஃபாக்டரி ரீசெட்' என்னும் கட்டளையைக் கொடுத்திருக்கிறார். தொலைபேசி புத்துயிர் பெற்றது. ஆனால் பிள்ளையின் அம்மம்மா மறைவதற்கு முன் எடுத்த படங்கள் ஒன்றுமில்லை.

நடந்தது இதுதான்: அக்கட்டளை சேமிப்பகத்தில் இயங்கு மென்பொருள் உள்ள பகுதியை விட்டுவிட்டு, நாம் சேர்த்தவை உள்ள பகுதியைத் துடைத்துவிடுகிறது. தொழிற்சாலை வைத்தது எஞ்சும்; குடும்பம் வைத்தது போய்விடும். இக்காலத் தொலைபேசிகள் படங்களை மறைமொழியாக்கி வைப்பதால், அழிக்கும்போது அதன் திறவுகோலும் அழிகிறது. கடையிற் கொடுத்து மீட்கலாம் என்பது பெரும்பாலும் வீண் நம்பிக்கையே. ஆகவே அக்கட்டளையைத் தொடுமுன் படங்களின் பிரதி ஒன்று வேறிடத்தில், கணினியிலோ நினைவட்டையிலோ, இருத்தல் வேண்டும். பிரதியைத் திறந்து பார்த்த பின்னரே அழிக்கலாம்.

புதிய பெட்டியின் 64 கிகாபைட்டும் முழுதாகக் கைக்கு வராது. விற்பவர் கணக்கில் ஒரு கிகாபைட் நூறு கோடி பைட்; கணினி பலவேளைகளில் 1,024இன் மடங்காக எண்ணுவதால் 64 என்பது 59.6 ஆகிறது. அதிலும் இயங்கு மென்பொருள் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். இவ்விடத்தை நிரப்புவது எழுத்தன்று, படமே. 'அம்மா' என்று எழுத 15 பைட் போதும்; முப்பது இலட்சம் பைட் கொண்ட ஒரு படத்தின் இடத்தில் அச்சொல்லை இரண்டு இலட்சம் தடவை எழுதிவிடலாம்!

நாம் புறப்படும் வேளையில் மகள் தன் புதிய தொலைபேசியை நீட்டினாள். ரொறன்ரோவில் இருக்கும் பெரியம்மா, முன்பு வாட்ஸப்பில் தமக்கு அனுப்பப்பட்ட படம் ஒன்றைத் தேடித் திருப்பி அனுப்பியிருந்தாராம். அனுப்பும்போது சுருக்கப்பட்ட படமாகையால் பெரிதாக்கினால் மங்குகிறது. ஆயினும் அம்மம்மா சிரிப்பது தெரிகிறது. அதை அன்றே கணினியிலும் பதிந்து வைத்துவிட்டதாகச் சொன்னாள்.